முதலில் விரல் பழகட்டும், அப்புறம் ஹெலிகாப்டர்

போன இதழில், பெட்டியைப் பிரித்த அன்றே ரிமோட் ஹெலிகாப்டரைப் பறக்க விடாதீர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி “ஏன் கூடாது?” என்று கேட்கின்றன. மீதிப் பாதி, பிரித்த அன்றே பறக்கவிட்டவர்கள் எழுதியவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள், யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். மகன் ஒரு சின்ன ஹெலிகாப்டர் வாங்கித் தந்தான். நான்கு சேனல், மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் ஒரு குட்டி விசிறி. ரிமோட்டில் இரண்டு ஸ்டிக், சுற்றிலும் பொத்தான்கள். தரையை விட்டு எழும்பியதும் இடது பக்கமாக ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டது. நான் பயந்து ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அப்போதும் அது நிற்கவில்லை. பறக்கவிடும் முன் எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

அய்யா, கையை எடுத்தீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்கலாம். ரிமோட்டில் இரண்டு ஸ்டிக் இருந்தாலும் அசைவுகள் நான்கு, நான்கு சேனல் என்பது இதைத்தான். அவற்றில் மூன்று, விரலை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கு வந்துவிடும். நான்காவதான த்ராட்டில், அதாவது விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அசைவு, அப்படி வராது. விட்ட இடத்திலேயே நிற்கும். நீங்கள் கையை எடுத்தபோது மோட்டார் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கையை எடுத்தால் நின்றுவிடும் என்று நம் உடம்பு நினைக்கிறது. இந்த நினைப்பை மாற்றுவதுதான் முதல் பாடம். உயரத்தைத் தானே பிடித்துவைக்கும் சில பொம்மைகளில் மட்டும் த்ராட்டிலும் நடுவுக்கு வரும். உங்களுடையது எந்த வகை என்று ஸ்டிக்கை ஒருமுறை மேலே தள்ளி விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு ரிமோட்டை மட்டும் கையில் எடுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் இடது ஸ்டிக்கை மேலே தள்ளினால் விசிறியின் வேகம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அதே ஸ்டிக்கை இடம் வலமாக அசைத்தால் ஹெலிகாப்டரின் மூக்கு அந்தந்தப் பக்கம் திரும்பும். இதற்கு ரட்டர் என்று பெயர். ரட்டரைப் பொறுத்தவரை மூக்கை மட்டும் பாருங்கள், வாலைப் பார்க்காதீர்கள். வால் எதிர்ப்பக்கம் போகும், அதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் குழம்பிப்போவீர்கள். வலது ஸ்டிக்கை முன்னே தள்ளினால் மூக்கு தாழ்ந்து முன்னே நகரும், பின்னே இழுத்தால் பின்வாங்கும். இது எலிவேட்டர். இடம் வலமாக அசைத்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கமே நகரும். இது எய்லரான்.

இதையெல்லாம் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். மனப்பாடம் ஆனால் போதாது என்பதுதான் சங்கடம். ஹெலிகாப்டர் சாயத் தொடங்கியதும் “இது எய்லரான், அதாவது வலது கை” என்று யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் அது சுவரில் இருக்கும். யோசனைக்கு இடமில்லாமல் விரல் தானாகப் போக வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டில் யாராவது ஒருவர், பேட்டரி இல்லாத ஹெலிகாப்டரைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் நிற்கட்டும். வால் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அவர் இடது பக்கம் சாய்த்தால் நீங்கள் வலது ஸ்டிக்கை வலப்பக்கம் தட்ட வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் ஸ்டிக்கைப் பின்னே இழுக்க வேண்டும். மூக்கை வலப்பக்கம் திருப்பினால் இடது ஸ்டிக் இடப்பக்கம் போக வேண்டும். உங்கள் விரல் சரியாகப் போனால் அவர் ஹெலிகாப்டரை நேராக்குவார், தப்பாகப் போனால் இன்னும் சாய்ப்பார். பேரப் பிள்ளைகள் இதைப் பிரமாதமாகச் செய்வார்கள், தாத்தாவைத் தோற்கடிப்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆசை. திடீரென்று “மோதிட்டீங்க!” என்று அவர்கள் கத்தும்போது, மற்ற எதையும் நினைக்காமல் த்ராட்டிலை அடிவரை இழுக்கப் பழகுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான அசைவு இதுதான். விசிறி எதிலாவது பட்ட பிறகும் த்ராட்டில் மேலேயே இருந்தால், பல்சக்கரம் தேயும், மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும். பட்டவுடன் த்ராட்டிலை இழுத்துவிட்டால் பெரும்பாலும் ஒரு பிளேடோடு போய்விடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வலது ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் நகரும், விட்டுவிட்டால் அங்கேயே நிற்காது. ஏற்கெனவே கிடைத்த வேகத்தில் நகர்ந்துகொண்டே போகும். நிறுத்த எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கொடு, எடு, எதிரே கொஞ்சம் கொடு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு அசைவு. குச்சியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தும்போது கை ஓயாமல் சின்னச் சின்னதாக நகர்வதைப் போலத்தான் இதுவும். ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளுகிறீர்கள் என்றால் அநேகமாகத் தாமதமாகத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம்.

இனி பேட்டரியைப் போடலாம். வரிசை முக்கியம். முதலில் த்ராட்டிலை அடிவரை இழுத்துவிட்டு ரிமோட்டை ஆன் செய்யுங்கள். அப்புறம்தான் ஹெலிகாப்டரில் பேட்டரியைச் செருக வேண்டும். செருகியதும் சமமான தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கைரோ, அதாவது திரும்புவதை உணரும் சென்சார், ‘அசையாமல் இருப்பது’ எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில விநாடிகளில்தான் பதிவு செய்துகொள்கிறது. அப்போது கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தால், பறக்கும்போது மூக்கு தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். விளக்கு மினுக்குவது நின்ற பிறகுதான் தொட வேண்டும். முடிக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் ஹெலிகாப்டரின் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

விளக்கு நிலையானதும் த்ராட்டிலைத் தொடாமல் வலது ஸ்டிக்கை மட்டும் அசைத்துப் பாருங்கள். பெரிய விசிறிக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு இருக்கும், ஸ்வாஷ்பிளேட் என்பார்கள். ஸ்டிக்கை முன்னே தள்ளினால் தட்டு முன்பக்கம் சாயும், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் சாயும். தரையில் உட்கார்ந்தபடியே ஹெலிகாப்டர் உங்களுக்குப் பதில் சொல்கிறது. ஸ்டிக் ஒரு பக்கம், தட்டு வேறு பக்கம் என்று போனால் பறக்கவிடாதீர்கள். ரிமோட்டில் ஏதோ ஒன்று தலைகீழாக அமைந்திருக்கிறது. நான் எந்த ஹெலிகாப்டரைக் கையில் எடுத்தாலும், எத்தனை முறை பறந்ததாக இருந்தாலும், இந்தத் தட்டைப் பார்க்காமல் த்ராட்டிலைத் தொடுவதில்லை.

சரி, உங்களுடையது ஏன் இடப்பக்கம் ஓடியது? அதில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வால் விசிறி காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் உடம்பு சுற்றுவதை நிறுத்தும், கூடவே மொத்த ஹெலிகாப்டரையும் ஒரு பக்கமாக நகர்த்தும். மேலிருந்து பார்க்கையில் பெரிய விசிறி கடிகாரச் சுற்றில் சுற்றினால் அது இடப்பக்கம் நகரும். ரிமோட் ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் அப்படித்தான் சுற்றுகிறது. ஆகவே எழும்பும்போதே வலது ஸ்டிக்கை மயிரிழை அளவு வலப்பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போதும் அது லேசாக வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். உண்மையான ஹெலிகாப்டர்களுக்கும் இதே கதைதான்.

எழும்ப அவசரப்படாதீர்கள். காலுக்குக் கீழே மெல்லிய கம்பிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் டேபிள் டென்னிஸ் பந்து போல எடையற்ற பிளாஸ்டிக் பந்துகளைச் செருகிக்கொள்ளுங்கள். பயிற்சிக் கால் என்று விற்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம். வழவழப்பான தரை, மின்விசிறி நிறுத்திய அறை. இரண்டு மூன்று மீட்டர் பின்னால், வாலுக்கு நேராக நில்லுங்கள். கண்ணில் சாதாரணக் கண்ணாடியாவது இருக்கட்டும். த்ராட்டிலை மெல்ல உயர்த்தினால் ஒரு கட்டத்தில் ஹெலிகாப்டர் எடை இழந்து தரையில் வழுக்கத் தொடங்கும். அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் மூக்கை நேராக வைத்து, ஒரு சின்னப் பெட்டி அளவு இடத்துக்குள் அதைப் பிடித்துவைக்கப் பழகுங்கள். ஒரு பேட்டரி தீரும்வரை, இரண்டு பேட்டரி தீரும்வரை இதையே செய்தாலும் வீணில்லை.

அது கைக்கு வந்த பிறகு, எழுப்பும்போது தயங்காமல் முழங்கால் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அங்கேதான் அதிகம் தள்ளாடும். விசிறி கீழே தள்ளிய காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரையே உலுக்கும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் ஹெலிகாப்டரில் மேலே இரண்டு விசிறிகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. எழும்பியதும் பம்பரமாகச் சுற்றுகிறது. ட்ரிம் பட்டனை எவ்வளவு அமுக்கியும் நிற்கவில்லை.

தம்பி, எவ்வளவு அமுக்கினாய் என்பதோடு எப்போது அமுக்கினாய் என்பதும் கேள்வி. இரட்டை விசிறி வகையில் மேல் விசிறி ஒரு பக்கமும் கீழ் விசிறி எதிர்ப்பக்கமும் சுற்றி, ஒன்றின் திருப்பத்தை மற்றது ரத்து செய்கிறது. ஒன்றைக் கொஞ்சம் வேகமாகவும் மற்றதைக் கொஞ்சம் மெதுவாகவும் ஓட்டித்தான் மூக்கைத் திருப்புகிறோம். ரட்டர் ட்ரிம் செய்வதும் அதே வேலைதான்: இரண்டுக்கும் இடையிலான அந்தச் சின்ன வித்தியாசத்தை நிரந்தரமாக வைத்துவிடுகிறது. மூக்கு இடப்பக்கம் சுற்றினால் ட்ரிம்மை வலப்பக்கம் தட்டு.

ஆனால் பறக்கும்போது தட்டாதே. தரையிறக்கு, இரண்டு மூன்று தட்டு தட்டு, மறுபடி எழுப்பிப் பார். அந்தரத்தில் அது சுற்றிக்கொண்டிருக்கையில் கண்ணை ரிமோட்டுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ட்ரிம் என்பது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

ட்ரிம் கடைசி எல்லைக்கே போயும் சுற்றுகிறது என்றால் அது ட்ரிம் தீர்க்கும் விஷயம் அல்ல. முதலில் பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டு, இந்த முறை தொடாமல் வைத்துப் பார். கைரோ தப்பாகப் பதிவு செய்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு விசிறிகளையும் விரலால் தனித்தனியே சுற்றிப் பார். ஒன்று மட்டும் கனமாகச் சுற்றுகிறதா? தண்டின் அடியில் பல்சக்கரத்தைச் சுற்றித் தலைமுடி சிக்கியிருக்கும். சிரிக்காதே, தரையிலிருந்து எழும்பும் சின்ன ஹெலிகாப்டர்களுக்கு முதல் எதிரி முடியும் நூலும்தான். சின்ன இடுக்கியால் எடுத்துவிடு. முடி இல்லை என்றால் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கிறதா பார். அதுவும் நன்றாக இருந்தால் ஒரு மோட்டார் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

சுற்றாமல், அந்தரத்தில் நின்றபடியே வட்டமடித்துத் தள்ளாடினால் அது வேறு நோய். பிளேடு வளைந்திருக்கும், இல்லை நடுத் தண்டு வளைந்திருக்கும். உச்சியில் இருக்கும் எடைக்கம்பி இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான் ஆடும். அதற்கும் ட்ரிம் மருந்தல்ல.

கேள்வி: இடது ஸ்டிக்கில் த்ராட்டில் இருக்கும் ரிமோட் ஒன்று, வலது ஸ்டிக்கில் இருக்கும் ரிமோட் ஒன்று. எதை வாங்குவது?

முதலாவதை மோட் 2 என்றும் இரண்டாவதை மோட் 1 என்றும் சொல்வார்கள். எது உயர்ந்தது என்ற சண்டை பழையது, எனக்கு அதில் அக்கறை இல்லை. உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வாங்குங்கள். ஆபத்தில் ரிமோட்டை அவர் கையில் கொடுக்க வேண்டி வரும். சொல்லித்தர யாரும் இல்லையென்றால் மோட் 2. பழகிய பிறகு மாற்றாதீர்கள்.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று சேனல் ஹெலிகாப்டர் ஒன்றொன்று இருக்கிறது. வீட்டுக்குள் நன்றாகப் பறக்கிறது, வெயிலில் எடுத்துப்போனால் ரிமோட்டைக் கேட்பதே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பறக்கவிட்டால் ஒருவன் ரிமோட்டுக்கு இரண்டும் ஆடுகின்றன. சின்னவனுக்கு ஏழு வயது, கொடுக்கலாமா?

சகோதரி, உங்கள் பிள்ளைகளின் ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது, டிவி ரிமோட் மாதிரியே. வெயிலிலும் அதே ஒளி கொட்டிக் கிடப்பதால் ரிமோட்டின் சின்ன வெளிச்சம் அதில் காணாமல் போகிறது. வீட்டுக்குள் மட்டும் பறக்கவிடுங்கள், ஜன்னலோர வெயிலிலும் வேண்டாம். ரிமோட்டின் முன்பக்கத்தைக் கையால் மறைக்காமல் ஹெலிகாப்டரை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ரேடியோ அலையில் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டும் ஒன்றாக ஆடுவதற்குக் காரணம், இரண்டும் ஒரே அலைவரிசையில் இருப்பது. ரிமோட்டில் ஏ, பி, சி என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றை ஏ-யிலும் மற்றதை பி-யிலும் வைத்து, ஹெலிகாப்டர்களை ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். ஸ்விட்ச் இல்லையென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் பறக்கவிட முடியாது, முறைவைத்துத்தான்.

ஏழு வயது விஷயத்தில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயதை முதலில் பாருங்கள், அதை மீற வேண்டாம். வயது சரியென்றாலும் த்ராட்டிலை மட்டும் கொடுங்கள், இன்னொரு ஸ்டிக்கை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ரிமோட்டை இருவர் பிடிப்பது கொஞ்சம் நெருக்கியடிக்கும், ஆனால் இந்த வயதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீளக் கூந்தல் இருந்தால் பின்னிக் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்த ஹெலிகாப்டரை எடுக்கப் போகும் முன் த்ராட்டில் அடியில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள், கையில் எடுத்த பிறகு விசிறி சுற்றத் தொடங்கினால் விரலில் படும்.

கேள்வி: வால் என் பக்கம் இருக்கும்போது நன்றாக ஓட்டுகிறேன். மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பிவிட்டால் எல்லாம் தலைகீழாகி மோதிவிடுகிறது. நானும் கூடவே திரும்பி நின்று தோளுக்கு மேல் பார்த்தபடி ஓட்டலாமா?

தோளுக்கு மேல் பார்த்து ஓட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கழுத்து வலிக்குமே தவிரக் கை பழகாது.

எல்லாம் தலைகீழாவதில்லை, முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். த்ராட்டில் மாறுவதில்லை. ரட்டர் மாறினாற்போலத் தோன்றும். ஆனால் வலப்பக்கம் தட்டினால் மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திரும்பும் என்று பழகிவிட்டால், எங்கே நின்று பார்த்தாலும் அது ஒன்றுதான். உண்மையில் புரட்டிப்போடுவது வலது ஸ்டிக். முன்னே தள்ளினால் உங்களை நோக்கி வரும், வலப்பக்கம் தள்ளினால் உங்கள் இடப்பக்கம் போகும். இதில் பக்கவாட்டுக் குழப்பம்தான் அதிகம் மோதவைக்கிறது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: மூக்கு உங்களைப் பார்த்திருக்கையில், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள். தாழும் பக்கத்துக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் விரல் சரியாகப் போகும். நாளடைவில் இந்த நினைப்பும் தேவைப்படாது.

ஆனால் நேரடியாக அங்கே தாவ வேண்டியதில்லை. வால் உங்கள் பக்கம் இருக்கும்போது ஒரு பேட்டரி முழுக்க அசையாமல் நிறுத்த முடிகிறதா? முடிந்தால் மூக்கைச் சற்றே, கடிகாரத்தில் பதினொன்று காட்டும் அளவுக்குத் திருப்பி நிறுத்துங்கள். அது பழகியதும் பத்து, அப்புறம் ஒன்பது. வலப்பக்கமும் அதேபோல ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பதையும் மூன்றையும் நன்றாக நிறுத்தத் தெரிந்தவருக்கு ஆறு அவ்வளவு கஷ்டமாக இருக்காது. எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருக்கும், கடினமான பக்கத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். தடுமாறினால் ரட்டரை மட்டும் தட்டி மூக்கைப் பழையபடி பன்னிரண்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த மீட்பு அசைவைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

மேலே பெரியவருக்குச் சொன்ன, ஒருவர் கையில் பிடித்து ஆட்டும் பயிற்சியை மூக்கை உங்கள் பக்கம் திருப்பிச் செய்யுங்கள். ஒரு பிளேடும் உடையாமல் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: நூல் கட்டித் தரையோடு பிணைத்துவிட்டுப் பழகினால் ஓடிப்போகாது அல்லவா?

ஹெலிகாப்டர் முன்னோடி ஈகோர் சிகோர்ஸ்கி 1939 செப்டம்பர் 14 அன்று தன்னுடைய வி.எஸ்.-300 ஹெலிகாப்டரை முதன்முதலாகத் தரையை விட்டு எழுப்பியபோது அதைக் கயிற்றால் தரையோடு பிணைத்துத்தான் வைத்திருந்தார், ஓட்டியதும் அவரே. ஆகவே யோசனை மோசமில்லை. ஆனால் நம்முடையது சில பத்து கிராம் எடை. நூல் இறுகிய நொடியில் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்து இழுக்கும், விசிறி மறுபக்கம் தூக்கும், ஹெலிகாப்டர் குப்புறக் கவிழும். நூல் தளர்ந்திருந்தால் வால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பந்து வைத்த பயிற்சிக் கால் போதும்.

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே ஆறு சேனல் ஹெலிகாப்டர் வாங்கிவிட்டேன். ரிமோட்டில் த்ராட்டில் ஹோல்டு, ஐடில் அப் என்று இரண்டு ஸ்விட்ச். எதை எப்போது போடுவது?

வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இதுவரை மற்றவர்களுக்குச் சொன்னதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். நான்கு சேனல் வகையில் பிளேடின் சாய்வு மாறாது, மோட்டார் வேகத்தைக் கூட்டித்தான் உயர்கிறோம். உங்களுடையதில் இடது ஸ்டிக் பிளேடின் சாய்வையே மாற்றுகிறது. அதனால் இது சட்டென்று உயரும், சட்டென்று இறங்கும், தலைகீழாகவும் பறக்கும்.

த்ராட்டில் ஹோல்டு போட்டால் ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டார் ஓடாது. அது எந்நேரமும் போட்டே இருக்க வேண்டும். எடுப்பது பறப்பதற்கு முந்தைய நொடியில், மறுபடி போடுவது தரையிறங்கிய அடுத்த நொடியில். பேட்டரி செருகும்போதும், கையில் தூக்கும்போதும், ட்ரிம் பார்க்கும்போதும் போட்டிருக்க வேண்டும். விழப்போகிறது என்று தெரிந்தாலும் அதைத்தான் தட்ட வேண்டும். ரிமோட்டைப் பார்க்காமலேயே விரல் அந்த ஸ்விட்சைக் கண்டுபிடிக்கும்வரை, பேட்டரி இல்லாமல் தட்டித் தட்டிப் பழகுங்கள்.

ஐடில் அப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். சாதாரண நிலையில் இடது ஸ்டிக்கை அடிவரை இழுத்தால் மோட்டார் நிற்கும். ஐடில் அப் போட்டிருந்தால் நிற்காது. விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே பிளேடு எதிர்ச்சாய்வுக்குப் போய், ஹெலிகாப்டரைத் தரையை நோக்கி அறையும். இத்தனை நாள் ‘ஆபத்தென்றால் கீழே இழு’ என்று பழக்கிய விரல் இங்கே எதிரியாகிவிடும். பேட்டரி செருகும் முன் அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். டூயல் ரேட் என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதைக் குறைந்த பக்கம் வையுங்கள், வலது ஸ்டிக்கின் கோபம் கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் பழகும் சிமுலேட்டர் காசைக் கரைக்கும் வேலையா?

இல்லை. உண்மையான ரிமோட்டையே கம்ப்யூட்டரில் இணைத்துப் பழக முடிகிற சிமுலேட்டர் என்றால் வாங்குங்கள், கீபோர்டில் ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். மூக்கு நம்மைப் பார்க்கும் நிலை, பக்கவாட்டு நிலை, இதையெல்லாம் அதில்தான் வெட்கமில்லாமல் மோதி மோதிப் பழகலாம். ஆறு சேனல் நண்பர் முதலில் இதை வாங்கியிருக்க வேண்டும். அதில் கிடைக்காதது ஒன்றே ஒன்று: பயம். உண்மையான ஹெலிகாப்டரை எழுப்பும்போது கை நடுங்கத்தான் செய்யும், அது சில பேட்டரிகளுக்குப் பிறகு போய்விடும்.

கேள்வி: ட்ரோன் வாங்கினால் கையை விட்டாலும் அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. எதற்கு இந்தப் பாடு?

படம் எடுக்க வேண்டுமென்றால் ட்ரோனையே வாங்குங்கள். அதில் நிறுத்துவது உங்கள் கை அல்ல, உள்ளே இருக்கும் சென்சார்கள். ஹெலிகாப்டரை அசையாமல் நிறுத்துவது உங்கள் கை. அதில் ருசி கண்டவர்கள்தான் இந்தப் பாடு படுகிறார்கள், மற்றவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

கேள்வி: ஐந்தாறு நிமிடம் நன்றாகப் பறக்கிறது. அப்புறம் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாலும் தானாக இறங்குகிறது. உடனே சார்ஜ் போட்டால் சார்ஜ் ஏறவில்லை. கோளாறா?

ஹெலிகாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்த அளவு ஹெலிகாப்டருக்கு ஐந்தாறு நிமிடம் வழக்கமானதே. த்ராட்டிலை வழக்கத்தைவிட மேலே தள்ள வேண்டியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும்போதே இறக்கிவிடுங்கள், தானாக இறங்கும்வரை காத்திருக்காதீர்கள். லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுக்க நிரம்பினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடத் தொடங்கும், சில சார்ஜர்கள் அதற்குச் சார்ஜ் ஏற்றவும் மறுத்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

இறங்கிய சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். அதே நேரத்தில் மோட்டாரும் ஆறிவிடும். சார்ஜ் ஏறும்போது அறையை விட்டுப் போகாதீர்கள், மெத்தை மேலோ துணி மேலோ வைக்காதீர்கள். பல நாள் பறக்கவிடப் போவதில்லை என்றால் நிரப்பியும் வைக்காமல் காலியாகவும் வைக்காமல் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைச் சார்ஜரில் போடவே போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் வேண்டாம், பழைய பேட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.